வெட்னரி நேர்காணல்: யாருக்கு உண்டு, எதை அளக்கிறது, எப்படித் தயாராவது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு கடலூர், புதுச்சேரிப் பக்கம் பல வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும். "பிள்ளைக்கு வெட்னரி இன்டர்வியூ இருக்காம், என்ன கேட்பாங்க?" பொது அறிவு கேட்பார்கள் என்பார் ஒருவர். ஆங்கிலம் சரளமாக வந்தால் போதும் என்பார் இன்னொருவர். நாய், மாடு வளர்த்த அனுபவம் இருந்தால் சீட் உறுதி என்று சொல்கிறவர்களும் உண்டு. கேட்கிற பிள்ளை எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் ஒரு பொது அறிவுப் புத்தகத்தை வாங்கி மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடும்.

வெட்னரி நேர்காணல் என்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி குறையும். அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்கலாம்.

நேர்காணல் யாருக்கு இல்லை?

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சேர நேர்காணல் கிடையாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது டானுவாஸ், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து 200க்கு ஒரு கட்-ஆஃப் கணக்கிடுகிறது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. அதன்படி தரவரிசைப் பட்டியல் வரும்; அப்புறம் கலந்தாய்வு. கலந்தாய்வில் சான்றிதழைச் சரிபார்ப்பார்கள், நீங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பீர்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதே பட்டியல் முறையில்தான் நடக்கிறது. "உனக்கு ஏன் மாடு பிடிக்கும்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

புதுச்சேரியில் குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் இப்படித்தான். புதுச்சேரியின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாக விண்ணப்பம், மதிப்பெண் தரவரிசை, சீட் ஒதுக்கீடு. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்கு நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். அதிலும் நேர்காணல் இல்லை.

ஆகவே ஐந்தரை ஆண்டு பி.வி.எஸ்சி. படிப்பை இங்கேயே படிக்கப்போகிறீர்கள் என்றால், நேர்காணலுக்காக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். "டானுவாஸ் இன்டர்வியூ கோச்சிங்" என்று யாராவது பணம் கேட்டால், அவருக்குச் சேர்க்கை முறை தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தை உயிரியல் பாடத்தில் போட்டால் கட்-ஆஃப் ஏறும்.

யாருக்கு உண்டு?

வெளிநாடு போகிறவர்களுக்கு. பிரிட்டனில் வெட்னரி படிப்புக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப முறை இருக்கிறது. படிப்பு தொடங்குவதற்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் 15 கடைசி நாள். அதிகபட்சம் நான்கு வெட்னரி கல்லூரிகளைக் குறிப்பிடலாம். லண்டன் ராயல் வெட்னரி காலேஜ், நாட்டிங்ஹாம், சர்ரே போன்ற இடங்களில் விண்ணப்பத்தைப் பார்த்து வடிகட்டிய பிறகு நேர்காணலுக்கு அழைப்பார்கள். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கல்லூரி அளவில் தேவையான பாடங்களை முடித்த பிறகுதான் நான்காண்டு வெட்னரி படிப்பில் சேர முடியும். அங்கும் பல கல்லூரிகளில் நேர்காணல் உண்டு.

புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வாசல். 1826இல் தொடங்கிய லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளி இங்கே இருப்பதால், ஒவ்வோர் ஆண்டும் சில தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளி இறுதித் தேர்வான 'பாக்' எழுதுகிறார்கள். பிரான்சின் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் நான்கு: அல்ஃபோர், லியோன், துலூஸ், நாந்த். உலகின் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1761இல் தொடங்கியது அந்த லியோனில்தான். முன்பெல்லாம் பள்ளி முடித்த பிறகு மேலும் சில ஆண்டுகள் தயாரிப்பு வகுப்பு படித்துத்தான் இந்தக் கல்லூரிகளுக்குள் நுழைய முடியும். 2021 முதல் பள்ளிப்படிப்பு முடித்தவுடன் பார்கூர்சுப் இணையதளம் வழியாக நேரடியாக விண்ணப்பிக்கும் வழியையும் திறந்தார்கள். அதன் இரண்டாம் கட்டம் நேர்காணல்.

பிரிட்டனில் பல கல்லூரிகளும், பிரான்சின் இந்தப் புதிய வழியும், அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம் போன்ற இடங்களும் ஒரே வகை நேர்காணலைத்தான் நடத்துகின்றன. ஒரு மேசை, மூன்று பேர், அரை மணி நேரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் வடிவம் அது அல்ல. அதன் பெயர் பல்நிலைக் குறுநேர்காணல்.

மூன்று வேளை கறவை

இந்த வடிவம் ஏன் வந்தது என்று புரிந்துகொள்ளக் கறவை மாடு வாங்குவதைப் பார்த்தால் போதும்.

விஷயம் தெரிந்தவர் மாடு வாங்கப் போனால் ஒரு வேளைக் கறவையை நம்ப மாட்டார். விற்கிறவர் முந்தைய வேளை கறக்காமல் விட்டிருந்தால் மடி புடைத்துக்கொண்டு நிற்கும். அந்த ஒரு கறவையில் பால் பொங்கி வழியும். வீட்டுக்கு ஓட்டிவந்த மறுநாள்தான் சாயம் வெளுக்கும். அதனால் தொடர்ந்து மூன்று வேளை கறந்து பார்த்துச் சராசரி எடுக்கச் சொல்வார்கள். கூடவே பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார், காம்பு நான்கிலும் பால் வருகிறதா என்று பார்ப்பார், நடக்க விட்டுக் காலைக் கவனிப்பார். துணைக்கு இன்னொருவரையும் அழைத்துப் போவார். நல்ல கறுப்பு மாடு, களையான முகம் என்று இவர் மயங்கி நிற்கும்போது, கூட வந்தவர் பின்னங்கால் லேசாக இழுப்பதைப் பார்த்துவிடுவார்.

பழைய பாணி நேர்காணலில் இருந்த கோளாறு இதுதான்: ஒரே வேளைக் கறவையை வைத்து ஐந்து வருடத்துக்கு மாடு பிடிப்பது. ஒரு பிள்ளைக்கு அன்று தலைவலி. இன்னொரு பிள்ளைக்கு, நேர்காணல் செய்கிறவருக்குப் பிடித்த கிரிக்கெட் பேச்சு வாய்த்துவிடுகிறது. முதல் ஐந்து நிமிடத்தில் உண்டான எண்ணம் மீதி நேரம் முழுவதையும் ஆட்டிவைக்கும். ஒரு நல்ல குணத்தைப் பார்த்ததும் மற்றக் குணங்களும் நன்றாகத்தான் இருக்கும் என்று மனம் முடிவு கட்டிவிடுவதை ஒளிவட்ட விளைவு என்கிறார்கள். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1920இல் எழுதிய விஷயம் இது. ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழிருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களைப் பார்த்தார். தோற்றத்துக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவருக்கு அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் நல்ல மதிப்பெண்தான் விழுந்திருந்தது.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இதற்கு ஒரு மாற்று செய்து பார்த்தார்கள். 2004இல் அதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு நீண்ட நேர்காணலை உடைத்துப் பல சிறு துண்டுகளாக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு நிலையம். நிலையத்துக்கு ஓர் அறை, ஒரு கேள்வி, ஒரு மதிப்பீட்டாளர். கதவில் ஒட்டியிருக்கும் கேள்வியை வாசிக்க ஓரிரு நிமிடம். மணி அடித்தால் உள்ளே போய் ஐந்து முதல் எட்டு நிமிடம் பேச வேண்டும். மறுபடி மணி அடித்தால் அடுத்த அறை. உங்களைப் போலவே மற்றவர்களும் வரிசையாகச் சுற்றி வருவார்கள். எத்தனை நிலையம், எத்தனை நிமிடம் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

இதில் இருக்கும் கணக்கு எளிது. மதிப்பீட்டாளர் ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ போடத்தான் செய்வார். ஆனால் ஒன்பது பேர் தனித்தனியாக, ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாமல் போட்டால், கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். தற்செயலான பிழை என்று மட்டும் எடுத்துக்கொண்டால், ஒன்பது பேரின் சராசரியில் அது ஒருவருடைய பிழையில் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இங்கே 'தனித்தனியாக' என்பது முக்கியம். ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேர், பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டு மதிப்பெண் போட்டால் அது ஒருவர் போட்டதற்குச் சமம்தான்.

இதுவரை சொன்னதில் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒவ்வொரு அறையிலும் உங்கள் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது; மூன்றாவது அறையில் சொதப்பியது நான்காவது அறைக்காரருக்குத் தெரியாது. அதே மாதிரி, ஓர் அறையில் வெளுத்து வாங்கியதும் அடுத்த அறைக்கு உதவாது. நேர்காணலில் தோற்றுப்போகிற பல பிள்ளைகள் ஓர் அறையில் விட்டதை நினைத்துக்கொண்டே அடுத்த இரண்டு அறைகளையும் கோட்டைவிட்டவர்கள்.

ஓர் அறைக்குள் போய்ப் பார்ப்போம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது. ஒரு நிலையத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்க்கலாம். கீழே இருப்பது நானே எழுதிய மாதிரிக் கேள்வி.

கதவில் இப்படி எழுதியிருக்கிறது: "நீங்கள் ஒரு கால்நடை மருத்துவருக்கு உதவியாளர். மடிநோய் வந்த பசுவுக்கு நேற்று ஆன்டிபயாடிக் போடப்பட்டது. உள்ளே இருப்பவர் அந்தப் பசுவின் சொந்தக்காரர். இன்றைய பாலைச் சொசைட்டியில் ஊற்றலாமா என்று கேட்கிறார். அவரிடம் பேசுங்கள்."

உள்ளே ஒரு நடிகர் விவசாயியாக உட்கார்ந்திருப்பார். மதிப்பீட்டாளர் ஓரமாக இருப்பார்.

பாடத்தில் கெட்டியான பிள்ளை என்ன செய்யும்? உட்கார்ந்தவுடன், "ஆன்டிபயாடிக் போட்டால் பாலை விற்கக் கூடாது, அது சட்டப்படி தவறு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். சொன்னது சரி. மருந்து போட்ட பிறகு குறிப்பிட்ட காலம் பாலை மனித உணவுக்குக் கொடுக்கக் கூடாது. மருந்து உடம்பிலிருந்து வெளியேறும் வரை காத்திருக்கும் அந்தக் காலத்தைக் காத்திருப்புக் காலம் என்கிறார்கள். மருந்துக்கு மருந்து அது மாறும், மருந்தின் லேபிளில் போட்டிருக்கும். ஆனால் ஒரு நிமிடத்தில் பதில் முடிந்துவிட்டது. மீதி ஏழு நிமிடம் அறையில் மௌனம். மதிப்பெண்ணும் அதற்கேற்ற மாதிரிதான்.

வேறொரு பிள்ளை இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். "வணக்கம் ஐயா, மாடு இன்னிக்கு எப்படி இருக்கு? தீவனம் எடுக்குதா?" அவர் சொல்கிறார்: வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. "வீட்டுல கறவையில இருக்கிறது இந்த ஒரு மாடுதானா?" ஆமாம், ஒன்றுதான் என்கிறார். இந்தப் பதிலில்தான் முழு விஷயமும் இருக்கிறது. பாலை ஊற்றாவிட்டால் அந்த வீட்டில் அந்த நாட்களுக்குப் பால் பணம் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு சொல்லும் "கூடாது" வேறு மாதிரி ஒலிக்கும்.

"ஐயா, அந்த மருந்து பால்ல கலந்து வரும். பெனிசிலின் ஒத்துக்காதவங்க குடிச்சா உடம்புக்கு ஆபத்து. தயிர் தோய்ச்சாலும் சரியா உறையாது, உறை கிருமியையே அந்த மருந்து கொன்னுடும். உங்க ஒருத்தர் பால் கலந்தா சொசைட்டி கேன் முழுக்கப் போயிடும். எத்தனை நாள் நிறுத்தணும்னு நான் ஊகமா சொல்லக் கூடாது, டாக்டர்கிட்ட மருந்துப் பேரைப் பார்த்துக் கேட்டுட்டு உங்களுக்கு இன்னிக்கே சொல்றேன். அதுவரைக்கும் கறக்கிறதை நிறுத்தாதீங்க, கறந்து தனியா ஒதுக்கிடுங்க. கறக்காம விட்டா மடி இன்னும் மோசமாகும்."

இதை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோதான் சொல்ல வேண்டியிருக்கும், சரி. ஆனால் எந்த மொழியில் சொன்னாலும் மதிப்பீட்டாளர் கவனிப்பது ஒன்றுதான்: கேட்டுவிட்டுப் பேசினாரா, காரணத்தை எதிராளிக்குப் புரிகிற மாதிரி சொன்னாரா, தெரியாததைத் தெரியாது என்று சொல்லி யாரிடம் கேட்பேன் என்றாரா, 'கூடாது' என்பதில் வழுக்காமல் நின்றாரா. காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று அவர் பார்க்கவில்லை. அதைக் கல்லூரி ஐந்து வருடத்தில் சொல்லிக்கொடுத்துவிடும். தெரியாதபோது கதைவிடுகிறவரை ஐந்து வருடத்தில் மாற்றுவது கஷ்டம்.

நடிகர் விடாமல், "ஒரு நாள் ஊத்தினா என்ன கெட்டுப்போயிடும், யாருக்குத் தெரியப்போகுது?" என்று கிளறுவார். அது கேள்வித்தாளிலேயே இருக்கும். கோபப்பட்டாலும் இறங்கிப்போனாலும் மதிப்பெண் போகும்.

மற்ற அறைகள்

நிலையங்கள் பல வகை. ஒரு படத்தையோ வரைபடத்தையோ கொடுத்து விளக்கச் சொல்வது, மருந்தின் அளவைக் கணக்கிடச் சொல்வது, ஒருவர் பார்க்காத பொருளை வாயால் விவரித்து அவரை வரைய வைப்பது, "ஏன் இந்தப் படிப்பு?" என்று நேராகக் கேட்பது. கணக்கு நிலையம் பத்தாம் வகுப்பு விகிதக் கணக்கைத் தாண்டாது. கால்குலேட்டர் இல்லாமல் செய்து பழகியிருந்தால் போதும்.

"ஏன் இந்தப் படிப்பு?" என்ற அறைதான் நம் பிள்ளைகளுக்குச் சிக்கல். எம்.பி.பி.எஸ். கிடைக்காததால் வெட்னரி என்பது இங்கே பலருடைய உண்மை நிலை. அதை மறைக்க "சின்ன வயசுலேருந்தே விலங்குகள் மேல பாசம்" என்று ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் அதை அன்று காலையிலிருந்து இருபது தடவை கேட்டிருப்பார். பாசம் என்பது பதிலில் கால் பங்குதான். கால்நடை மருத்துவரின் வேலையில் கறிக்கூடச் சோதனை இருக்கிறது, கோழிப்பண்ணை இருக்கிறது, தடுப்பூசித் தயாரிப்பு இருக்கிறது. 1932 முதல் ராணிப்பேட்டையில் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தில் வேலை செய்கிறவர்களும் கால்நடை மருத்துவர்கள்தான். இந்தப் பக்கங்களில் ஏதாவது ஒன்றை நேரில் பார்த்து, அதில் பிடிக்காததையும் சேர்த்துச் சொல்கிறவருடைய பதில் தனியாகத் தெரியும்.

நாட்டு நடப்பு கேட்பார்கள் என்பதும் உண்மைதான். ஆனால் அமைச்சர்கள் பட்டியலைக் கேட்க மாட்டார்கள். விலங்கிலிருந்து மனிதனுக்குத் தொற்றும் நோய்களை விலங்குவழி நோய்கள் என்கிறோம். வெறிநாய்க்கடி அதில் முதலாவது. தெருநாய்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசச் சொன்னால், கடிபட்ட குழந்தையின் பக்கமும் நாயின் பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசி, கருத்தடை இரண்டும் ஏன் சேர்ந்து நடக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தடுப்பூசியின் பலத்துக்கு உதாரணம் வேண்டுமானால் வெக்கை நோய் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன நோய் அது. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் ஒழித்துக்கட்டிய நோய் அது ஒன்றுதான்.

சரியான விடை இல்லாத கேள்விகள்

அறநெறி நிலையம் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். இரண்டு நல்ல விஷயங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சூழலைக் கொடுத்து என்ன செய்வாய் என்பார்கள். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது. தவறான போக்குகள் உண்டு.

கடலூர்ப் பிள்ளைக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. இப்படிப்பட்ட வெள்ளத்தில் படகு வருகிறது, ஆட்களுக்குத்தான் இடம். ஒரு பெரியவர் மாட்டை விட்டுவிட்டு வர மாட்டேன் என்கிறார். என்ன செய்வீர்கள்?

மனித உயிர்தான் முதலில் என்று ஒரே வரியில் முடிப்பது மோசமான பதில் இல்லை, அரைகுறையான பதில். மாட்டை அவிழ்த்துவிட்டால் அது நீந்தி மேட்டுக்குப் போக வாய்ப்பிருக்கிறது, கட்டுத்தறியிலேயே இருந்தால் நிச்சயம் சாகும் என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். அவரிடம், "கயித்தை அவிழ்த்துவிடலாம் பெரியவரே, அதுக்கும் பொழைக்க வழி கிடைக்கும், நீங்களும் வாங்க" என்று சொல்வது, மாட்டைக் கைவிடச் சொல்வது ஆகாது. அவர் ஏன் வர மறுக்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். அந்த மாடு அவருடைய மொத்தச் சேமிப்பாக இருக்கலாம். இந்த மாதிரி ஒரு பதிலை லண்டனில் வளர்ந்த பிள்ளை சொல்ல முடியாது. உங்கள் ஊர் அனுபவத்தை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அங்கே அதற்குத்தான் மதிப்பு.

கருணைக்கொலை என்பது நம் பிள்ளைகளை உலுக்குகிற தலைப்பு. பிரிட்டனில் குணமாகாத வலியில் இருக்கும் நாய்க்கு ஊசி போட்டு முடித்துவைப்பது கால்நடை மருத்துவரின் அன்றாட வேலைகளில் ஒன்று. இங்கே பல வீடுகளில் அதைப் பேசவே மாட்டார்கள். "நான் எந்த உயிரையும் கொல்ல மாட்டேன்" என்று சொன்னால், நேர்காணல் அதோடு முடிந்துவிடாது. ஆனால் அடுத்த கேள்வி வரும்: அந்த விலங்கின் வலிக்கு என்ன செய்வீர்கள்? உங்கள் நம்பிக்கையை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வலி, குணமாகும் வாய்ப்பு, சொந்தக்காரரின் விருப்பம், பணம், சட்டம் இவை எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, அப்புறம் உங்கள் முடிவைச் சொல்லுங்கள். சொந்தக்காரர் பணம் இல்லை என்று கண்ணீர்விடும் இடத்தில், "பணத்தை விட உயிர் பெரிசு" என்று அவருக்குப் பாடம் எடுத்தால்தான் காரியம் கெடும்.

அனுபவம் என்று எதைக் கேட்கிறார்கள்?

பிரிட்டிஷ் கல்லூரிகள் விண்ணப்பத்திலேயே விலங்குகளோடு வேலை செய்த அனுபவத்தை எதிர்பார்க்கும். எத்தனை மணி நேரம், எந்த மாதிரி இடம் என்பதைக் கல்லூரியின் தளத்தில் பார்த்துவிட வேண்டும்; ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அதற்காக வெளிநாட்டுப் பண்ணைக்குப் பணம் கட்டிப் போக வேண்டியதில்லை. பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் மருத்துவரிடம் அனுமதி கேட்டு ஓரமாக நின்று பார்க்கலாம். காலையில் போனால் சினை ஊசிக்கு வந்த மாடு, கழிச்சல் எடுக்கும் ஆட்டுக்குட்டி, வெள்ளைக்கழிச்சல் என்று கோழியைப் பையில் போட்டுக் கொண்டுவரும் பாட்டி எல்லோரும் அங்கே இருப்பார்கள். கோமாரித் தடுப்பூசி முகாம் ஊருக்கு வரும்போது கூடப் போகலாம். பால் சொசைட்டியில் ஒரு காலைப்பொழுது நின்றாலே பாலின் கொழுப்புச் சத்து அளவு ஏன் விலையை முடிவு செய்கிறது என்று புரிந்துவிடும். போன இடத்தில் பொறுப்பாளரிடம் தேதி, நேரம் குறித்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

எத்தனை நாள் போனீர்கள் என்பதை விட, என்ன கவனித்தீர்கள் என்பதுதான் அறைக்குள் எடுபடும். அதற்கு ஒரு நோட்டு போதும். "இன்று பத்து மாடு பார்த்தேன்" என்று எழுதினால் அது வருகைப்பதிவு. இப்படி எழுதிப் பாருங்கள்: "கன்று ஈன்ற மூன்றாம் நாள் பசு எழவில்லை. டாக்டர் கால்சியம் ரத்தக்குழாயில் ஏற்றினார், ஆனால் மிக மெதுவாக, இடையிடையே நெஞ்சில் காது வைத்துக் கேட்டார். ஏன் என்று கேட்டேன். வேகமாகப் போனால் இதயம் நின்றுவிடும் என்றார். பசு எழுந்தது. வீட்டுக்காரர் உடனே முழுசாகக் கறக்கப் போனார், டாக்டர் தடுத்தார்." நான்கு வரிதான். நேர்காணலில் "நீங்கள் பார்த்த ஒரு சிகிச்சையைச் சொல்லுங்கள்" என்றால் ஐந்து நிமிடத்துக்கு இதில் சரக்கு இருக்கிறது. மருத்துவர் எடுத்த முடிவு, அதன் காரணம், உங்கள் கேள்வி மூன்றும் இருக்கின்றன.

ஒத்திகையும் கரண்டும்

ஆங்கிலம் பற்றிப் பலருக்குப் பயம். உச்சரிப்புக்கு மதிப்பெண் இல்லை. தெளிவுக்கு உண்டு. தமிழில் யோசித்து ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தால் எட்டு நிமிடம் போதாது என்பது மட்டும் உண்மை. அதனால் அந்த மொழியிலேயே உரக்கப் பேசிப் பழக வேண்டும், எழுதிப் பழகக் கூடாது. எழுதினால் மனப்பாடம் ஆகும். மனப்பாடம் ஆனது நடிகரின் முதல் குறுக்குக் கேள்வியில் அறுந்துவிடும்.

ஒத்திகைக்குக் கோச்சிங் சென்டர் வேண்டாம் என்பது என் கருத்து. அவர்கள் கொடுக்கும் மாதிரி விடைகளை நாற்பது பேர் ஒரே மாதிரி ஒப்பிப்பது மதிப்பீட்டாளருக்கு இரண்டாவது ஆளிலேயே தெரிந்துவிடும். நான்கு உறவினர்களை வீட்டின் நான்கு மூலைகளில் உட்கார வையுங்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கேள்விச் சீட்டு, கைப்பேசியில் அலாரம். மாடு வைத்திருக்கும் பெரியப்பாவை விவசாயியாக நடிக்கச் சொன்னால் அவர் நடிக்கவே தேவையில்லை. நாலு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளாமல் பத்துக்கு மதிப்பெண் எழுதட்டும். ஒருவர் ஒன்பதும் இன்னொருவர் நான்கும் போட்டிருந்தால், எந்த வகை அறையில் தடுமாறுகிறீர்கள் என்று பிடிபட்டுவிடும்.

பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களை இணையம் வழியாக நேர்காணல் செய்கின்றன. பிரிட்டனில் பெரும்பாலும் குளிர்காலத்தில் நடக்கும். அங்கே காலை 9 மணி என்றால் நமக்குப் பிற்பகல் 2.30. நவம்பர், டிசம்பரில் விழுந்தால் நமக்கு அது வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், மின்தடை எல்லாம் சேர்ந்த காலம். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் மடிக்கணினியை முழு சார்ஜில் வைப்பதும், வேறு நிறுவனத்து சிம்மில் ஒரு ஹாட்ஸ்பாட் தயாராக வைப்பதும் தயாரிப்பில் சேர்ந்தவைதான். வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் முன்னாலேயே கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். இணைப்பு அறுந்த பிறகு சொல்வதை விட அது நல்லது.

இன்னும் ஒன்று, நேர்காணலுக்கு முன்பே பார்க்க வேண்டியது. வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் தொழில் செய்ய வேண்டுமானால் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுமச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். எந்தெந்த வெளிநாட்டுப் பட்டங்கள் ஏற்கப்பட்டவை என்பது அந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் கல்லூரியின் பட்டம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊருக்குத் திரும்பி வரும் எண்ணம் இருப்பவர்கள் இதையும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.